மூன்று மைலும் ஒரு பஸ்ஸும்

மழைக்காலத்தில் பின்னவலைப் பாதையோரம் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். மேல் டிவிஷன்களிலிருந்து பலாங்கொடை டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வருவார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரம் பூசியிருக்கும். கடைப் பைப்பில் கால் கழுவி, மேசும் சப்பாத்தும் மாட்டிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். தோட்டப் பாடசாலைகள் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே படிப்பதென்றால் இந்த இறக்கம்தான்.

அயர்லாந்தின் கிராமப் பள்ளிகளைப் பற்றி வாசித்தபோது இந்தப் பாதைதான் கண்ணில் நின்றது. அவர்களும் வெள்ளைக்காரர்தானே என்று கேட்கலாம். ஆனால் 1695ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவதையே தடுத்தது. வாத்தியார்மார் வேலியோரத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் ஒளித்துப் படிப்பித்தார்கள். 1831இல் அரசாங்கமே தேசியப் பாடசாலைகளைத் தொடங்கியது. கத்தோலிக்கப் பிள்ளையும் புரட்டஸ்தாந்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்பது எண்ணம். சபைகள் விடவில்லை, பள்ளிகள் சமயவாரியாகப் பிரிந்துபோயின. (பலாங்கொடையில் எங்களை மொழி பிரித்து வைத்திருக்கிறது.)

எங்கள் பக்கம் வேலிக்குப் பதில் லயத்து இஸ்தோப்பு. எழுத்துத் தெரிந்த ஒருவர், ஒரு குப்பி விளக்கு, அவ்வளவுதான். 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்கத் துரைமார் ஏற்பாடு செய்யவேண்டும் என்றது. பத்து வயதுக்குமேல் கொழுந்துக்கூடை இருக்கிறதே!

1945இல் இலங்கையின் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். இரண்டாம் நிலைக் கல்வி அயர்லாந்தில் இலவசமானது 1967இல்தான். இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் முந்திவிட்டோம். ‘நாங்கள்’ என்று சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது. தோட்டப் பாடசாலைகள் அந்த வளையத்துக்கு வெளியே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1977இல்.

அயர்லாந்தின் கல்வி அமைச்சர் டோனா ஓமாலி செய்த காரியம் எனக்குப் பிடித்தமானது. 1966 செப்டெம்பரில், நிதி அமைச்சைக் கேட்காமலே பத்திரிகையாளர் கூட்டமொன்றில் இலவசக் கல்வியை அறிவித்துவிட்டார். அறிவிப்போடு நிற்கவுமில்லை. பள்ளிக்கு மூன்று மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவச பஸ் வந்தது. கட்டணத்தை நீக்குவதைவிட அந்த பஸ்தான் பெரிய வேலை என்பேன். இங்கே ‘சிசு செரிய’ என்ற பாடசாலை பஸ் ஓடாமலில்லை. அது தார் ரோட்டில் ஓடுகிறது. லயம் தார் ரோட்டில் இல்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் அறுகிறது.

நுவரெலியாவைப் போலன்றி, எங்கள் சபரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. அதனால் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் அநேகர். “தமிழ்ப் பள்ளிக்கு ரெண்டு பஸ் ஏறணுங்க ஐயா. இதுன்னா நடந்தே போயிட்டு வந்துரும்” என்றார் ஒரு தகப்பன். மகள் கணக்கில் கெட்டிக்காரியாம். தமிழ்தான் எழுத வராதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் படிப்பிக்க யாராவது கிடைப்பார்களா என்று கேட்டார். இடத்துக்குப் பிரச்சினையில்லை, கோயில் மண்டபம் சும்மாதான் கிடக்கிறதாம்.