'ஒண்ணுமில்லம்மா...' ஒரு வீடும் மூன்று ப்ளூடூத்தும்!

தெருவில் ஒருவர் தனியாகப் பேசிச் சிரித்தபடி நடந்து போனால், இருபது வருடங்களுக்கு முன் ஊர் அவரைப் பார்த்த பார்வையே வேறு. இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண் தன்னால் அவர் காதுக்குப் போகிறது. அங்கே வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஏதாவது தெரிந்துவிட்டால், 'போன்ல பேசுறார்போல' என்று மனம் சமாதானமாகிவிடுகிறது.

வயர் ஹெட்செட் காலத்துத் தொல்லைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பைக்குள் போட்டால் முடிச்சு விழும். கதவுக் கைப்பிடியில் மாட்டிக் காதோடு இழுக்கும். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் கேட்காமல் போகும். ஆனால், அந்த வயரால் ஒரு நன்மையும் இருந்தது. அது எல்லோர் கண்ணிலும் பட்டது. காதிலிருந்து சட்டைப் பைக்கு ஓடும் அந்தக் கயிறு, 'இப்போ என்கிட்ட பேசினா கேக்காது' என்று போர்டு மாட்டி வைத்ததுபோல. ப்ளூடூத் வந்ததும் வயர் போனது. போர்டும் சேர்ந்து போனது.

இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். சென்னை குரோம்பேட்டையில் அப்பா, அம்மா, மகள் என மூன்று பேர் இருக்கும் ஒரு வீட்டில் இது பெரிய விஷயமாகத்தான் ஆனது.

மதுரையில் எண்ணப்பட்ட விசில்

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டு அம்மாவுக்கு மதுரையில் ஓர் அக்கா. தினமும் காலை பத்து மணிக்கு இருவரும் பேசியாக வேண்டும். முன்பெல்லாம் போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே கீரை ஆய்வார், மாவு கரைப்பார். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். மகள் ஒரு நெக்பேண்ட் வாங்கிக் கொடுத்த பிறகு இரண்டு கையும் விடுதலையாகிவிட்டன. ஒரு மணி நேரப் பேச்சில் சாம்பாரும் பொரியலும் முடிந்துவிடும்.

ஒரே சிக்கல், குக்கர். பேச்சு சுவாரஸ்யத்தில் விசில் கணக்கு தவறிவிடும். நான்கு விசிலில் இறக்க வேண்டிய பருப்பு ஏழு விசிலில் கூழாகும். இதற்குத் தீர்வு கண்டுபிடித்தது மதுரை அக்காதான். நெக்பேண்டின் மைக், குக்கர் சத்தத்தை அப்படியே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதே! "ஏய், நாலாவது வந்துருச்சுடி... போய் அடுப்பை அணை" என்று அவர் சொல்ல, குரோம்பேட்டையில் அடுப்பு அணையும்.

போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு வடாம் எடுக்க மொட்டை மாடிக்குப் போவது இன்னொரு பழக்கம். படிக்கட்டில் பாதி ஏறும்வரை அக்கா குரல் தெளிவாக இருக்கும். அதற்கு மேல் துண்டு துண்டாகும். இந்த மாதிரி சாதனங்களில் ப்ளூடூத் பொதுவாக எட்டுவது சுமார் 10 மீட்டர். நடுவில் கான்கிரீட் தளம் வந்தால் அதுவும் குறையும். சுவர்தான் என்றில்லை, நம் உடம்பே தடைதான். ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும்; நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். பின் பாக்கெட்டில் போன் இருக்கும்போது சில நேரம் பாட்டு விட்டு விட்டுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரியம்மா கேட்ட கேள்வி

மகளுக்கு 27 வயது. கிண்டியில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் காதில் ஹெட்செட் மாட்டி வாடிக்கையாளர்களின் கோபத்தைக் கேட்பவள், அந்தக் கோபத்தை மறக்க, போகும்போதும் வரும்போதும் இயர்பட்ஸில் இளையராஜாவைக் கேட்பாள். நாய்ஸ் கேன்சலேஷன் வேறு. வெளியே வரும் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, சத்தத்தை அமுக்கிவிடும் வித்தை அது. மின்சார ரயிலின் கடகடப்பு அப்படியே அடங்கிவிடும். கூடவே ஸ்டேஷன் அறிவிப்பும் அடங்கிவிடும். கிண்டியைத் தவறவிட்டு சைதாப்பேட்டையில் இறங்கி, எதிர் ரயிலுக்குக் காத்து நின்ற நாள்கள் அவள் கணக்கில் மூன்று.

ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு பட் தெறித்து ஓடுவது, இடது பக்கம் மட்டும் சீக்கிரம் சார்ஜ் இறங்குவது, பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் சத்தம் திடீரெனத் தகர டப்பாவுக்குள் போனதுபோல மாறுவது... இதெல்லாம் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழக்கமானதுதான். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பழுதல்ல. மைக் வேலைசெய்ய ஆரம்பித்ததும் ப்ளூடூத் பாட்டுக்கான முறையிலிருந்து பேச்சுக்கான முறைக்கு மாறுகிறது. குரல் இரண்டு பக்கமும் போய் வர வேண்டுமே, அதற்காக ஒலியின் தரம் குறைகிறது.

ஒருமுறை மகளின் இயர்பட்ஸை அம்மா தன் போனோடு இணைத்துப் பார்த்தார். அந்த இணைப்பு அப்படியே போனில் பதிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அறையில் இயர்பட்ஸை மாட்டிப் படுத்திருக்க, சமையலறையில் அம்மா போனை எடுத்து, "அக்கா, கேக்குதா? அக்கா... ஹலோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா குரல் வந்ததோ மகளின் காதில். "கேக்குது, கேக்குது. அதை விடு, இவளுக்கு எப்பத்தான் கல்யாணம் பண்றதா உத்தேசம்?"

"பெரியம்மா, அதை என்கிட்டயே கேட்டுட்டீங்க" என்றாள் மகள். அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு, அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் அப்பா கலந்துகொள்ளவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது யாரும் யோசிக்கவும் இல்லை.

ராஜா சேர்த்தார்... வீடு பிரிந்தது

ப்ளூடூத் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. 10-ம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசரின் பட்டப்பெயர் அது. 'நீலப் பல்' என்று பொருள். டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனம் 1994-ல் தொடங்கிய தொழில்நுட்பத்துக்கு, வேறு வேறு கருவிகளை ஒன்று சேர்க்கப்போகிறது என்ற அர்த்தத்தில், பின்னர் இந்த ராஜாவின் பெயரைச் சூட்டினார்கள்.

கருவிகள் சேர்ந்தது உண்மைதான். குரோம்பேட்டை வீட்டில் மனிதர்கள்தான் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். அம்மா மதுரையில் இருப்பார். மகள் இளையராஜாவோடு இருப்பாள். ஹாலில் அப்பா மட்டும் இருப்பார்.

அப்பா, அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சட்டென்று ஆரம்பித்துவிடுவார். வயர் இருந்தால் பார்த்துவிட்டுக் காத்திருப்பார். இப்போது எதைப் பார்ப்பது? மகளின் தலைமுடிக்குள் ஒளிந்திருக்கும் இயர்பட்ஸ் அவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாக்கியம் பேசி முடித்த பிறகு, மகள் ஒரு பட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா சொன்னீங்க?" என்பாள்.

"ஒண்ணுமில்லம்மா."

மனைவியிடம் பேசினால், அவர் கையை உயர்த்தி 'இருங்க' என்பார். பேசி முடித்து வந்து, "என்னங்க, என்னவோ சொன்னீங்களே?" என்று கேட்பார்.

"ஒண்ணுமில்ல."

சொல்ல வந்ததை இரண்டாவது முறை சொல்ல எல்லோருக்கும் மனம் வருவதில்லை. முதல் முறை இருந்த ஆசை இரண்டாவது முறை இருக்காது. கொஞ்ச நாளில் அப்பா முதல் முறை சொல்வதையும் குறைத்துக்கொண்டார். வயதாகிறது, அதான் பேச்சு குறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே, "காதுல அந்தச் சத்தம் நின்னுச்சாப்பா? டாக்டர்கிட்ட போனியா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கும் மகளுக்கும் எதுவும் புரியவில்லை. "என்ன சத்தம்?"

"ரெண்டு மாசமா காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போடுற மாதிரி இருக்குன்னானே... வீட்ல சொல்லலையா நீ?"

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னேனே. பாப்பா 'ம்'னு சொல்லுச்சு."

மகளுக்கு அந்த 'ம்' நினைவில்லை. அது அப்பாவுக்குச் சொன்ன 'ம்'மா, போனில் இருந்தவருக்குச் சொன்ன 'ம்'மா என்றும் தெரியவில்லை. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் கேட்டது இரண்டு பேரிடம்

அந்த வாரமே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனார்கள். ஆடியோகிராம் எடுத்ததில் அப்பாவுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது, அதிலும் கீச்சான ஒலிகளில் அதிகமாக. வயதும் ஒரு காரணம், பல வருடங்கள் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். உள்காதில் ஒலியை உணரும் மெல்லிய முடி போன்ற செல்கள் இருக்கின்றன. அவை ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. 'ச', 'த', 'ஸ' போன்ற எழுத்துகளின் ஒலி உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், இப்படிப்பட்டவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. பெரியம்மா கதைக்கு அப்பா சிரிக்காததன் காரணம் மகளுக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு மருத்துவர் மகள் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டுறீங்க?" என்றார்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். வேலையில் எட்டு, பயணத்திலும் வீட்டிலும் சேர்த்து இரண்டு. வாரத்துக்கு ஐந்து நாள் என்றாலே 50 மணி நேரம். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் கேட்கும் திறன் ஆபத்தில் இருப்பதாகவும் அந்த நிறுவனம் எச்சரிக்கிறது. அப்பாவுக்கு இன்ஜின் பக்கத்தில் இருந்தது. மகள் தன் இன்ஜினைத் தானே காதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் நாய்ஸ் கேன்சலேஷனால் ஒரு நன்மை உண்டு. வெளிச் சத்தத்தை ஜெயிப்பதற்காக வால்யூமை ஏற்ற வேண்டியதில்லை. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது அது நல்லது. தண்டவாளத்தையோ சாலையையோ கடக்கும்போது அதே வசதிதான் எமன். இப்போது மகள் ரயிலில் வால்யூமைப் பாதிக்குக் கீழே வைக்கிறாள். பிளாட்பாரத்தில் இறங்கியதும் இரண்டையும் கழற்றிவிடுகிறாள்.

மேஜை மேல் ஒரு போர்டு

வீட்டுக்குள்ளும் சில பழக்கங்கள் மாறின. யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. சாப்பிடும்போது யார் காதிலும் எதுவும் கிடையாது. வீட்டில் இருந்தால் ஒரு காதில் மட்டும்தான். இரண்டிலும் மாட்ட வேண்டிய வேலை இருந்தால், காலி கேஸைத் திறந்து ஹாலில் மேஜை மேல் வைத்துவிட வேண்டும். கேஸ் திறந்திருந்தால் ஆள் வேறு எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம். பேச வேண்டுமென்றால் தோளைத் தொட்டுக் கூப்பிடலாம். வயரோடு காணாமல் போன போர்டு, இப்படித் திரும்பி வந்தது.

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கினார்கள். 'செவிடன்னு ஊருக்கே சொல்லணுமா?' என்று முதலில் முரண்டு பிடித்தார். "நாள் முழுக்க நான் காதுல மாட்டிட்டு அலையறேன், யாராவது கேட்டாங்களாப்பா?" என்றாள் மகள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெரிதாக்கும் கருவி அல்ல அது. ஆடியோகிராமைப் பார்த்து, அவருக்கு எந்த ஒலி குறைவாகக் கேட்கிறதோ அதைத் தேவையான அளவுக்கு ஏற்றிக் கொடுக்கிறது. ரீங்காரம் முழுதாக நிற்கவில்லை. மெஷின் போட்டிருக்கும்போது தொந்தரவு குறைவு என்கிறார்.

அந்த மெஷினிலும் ப்ளூடூத் இருக்கிறது. போன் வந்தால் நேராகக் காதிலேயே பேசலாம். பழைய நண்பரிடம் இப்போது அரை மணி நேரம் பேசுகிறார். குக்கர் விசிலை எண்ணும் வேலையும் மதுரையிலிருந்து ஹாலுக்கு வந்துவிட்டது.

ராத்திரி படுக்கும்முன் அப்பா மெஷினைக் கழற்றி டப்பாவில் வைப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் அம்மா ஏதோ சொல்லியிருக்கிறார். பதில் வராததால் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார். அப்பா மெஷினை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன சொன்ன?" என்று கேட்டார்.

'ஒண்ணுமில்ல' என்று சொல்லத்தான் அம்மா வாயெடுத்தார். பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.