தெல்தோட்டை பஸ்ஸுக்கு எந்தச் சிவப்பு?

ஹம்ப்ரோல் எனாமல் டப்பாக்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் இருக்கும். 19 என்றால் பளபளக்கும் சிவப்பு. லண்டன் பஸ்ஸின் சிறிய மாதிரியைச் செய்ய நினைப்பவருக்குக் கடையில் பெட்டி கிடைக்கும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று சொல்லும் தாளும் அதற்குள்ளேயே இருக்கும். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் இ.போ.ச. பஸ்ஸுக்கு அப்படியொரு பெட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்துக்கொண்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. லண்டனில் ஓடிக் களைத்த டபுள் டெக்கர் பஸ்களும் அதன் பிறகு கப்பலேறி இங்கே வந்து ஓடின. அவற்றின் மாதிரிகளை இன்றைக்கும் உலகம் முழுக்க வாங்கலாம். எங்கள் மலையில் முக்கி முனகி ஏறுகிற அசோக் லேலண்டை யாராவது செய்தால்தான் உண்டு. சரி, நாமளே செய்வோம் என்று இறங்கினேன்.

அளவு 1:50. 11 மீட்டர் நீளமான பஸ், மேசையில் 22 சென்ரிமீட்டர். உடம்புக்கு விளம்பரப் பலகை செய்யும் கடையில் மிஞ்சிய ஃபோம் போர்ட் துண்டுகள். பெயின்டுக்கு கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார். வெளிநாட்டு டப்பா வாங்கும் வசதி இல்லை, ஆனால் கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கிற எனாமல் சின்ன டின்னில் கிடைக்கும். கடை நானா கேட்டார்: “எந்தச் செவப்பு தம்பி? போஸ்ட் ஆபீஸ் செவப்பா, சிக்னல் செவப்பா?” பஸ் சிவப்பு என்றேன். “எந்தப் பஸ்? புதுசா, பழசா?” என்றார். நியாயமான கேள்விதான். அப்போது என்னிடம் பதில் இல்லை.

கேட்டுக்கு அடிக்கிற பெயின்டைச் சின்ன மாதிரிக்கு அடிக்கும்போது முதல் சிக்கல் தடிப்பு. பிரஷால் ஒரு தடவை பூசிய எனாமல் காய்ந்த பிறகு ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் இருக்கும். 50ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிஜ பஸ்ஸில் அது 2 மில்லிமீட்டர். நான்கு தடவை பூசினால் 8. ஜன்னல் விளிம்பு, ஆணி வரிசை, கதவு இடுக்கு எல்லாம் சேற்றில் புதைந்த மாதிரி ஆகிவிடும். அதனால் டர்பன்டைன் கலந்து, பால் மாதிரி ஓடும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். லெக்கர் தின்னரைத் தொடவே கூடாது, அது ஃபோம் போர்டையே இளக்கிவிடும். டின்னைக் குலுக்காமல், அடியில் படிந்த நிறத்தைக் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுக்க வேண்டும். குலுக்கினால் நுரைக்கும். நுரை அப்படியே பஸ்ஸின் பக்கத்தில் அம்மைத் தழும்பாகக் காயும்.

அதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சேண்ட் பேப்பர் 400, பிறகு 800. பாத்திரம் கழுவும் சோப்பால் ஒரு கழுவு, ஏனென்றால் விரலின் எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் பெயின்ட் பிடிக்காது. அதற்கு மேலே வெள்ளை அண்டர்கோட். சிவப்பு அரைகுறையாக ஒளி ஊடுருவும் நிறம். சாம்பல் நிறத்துக்கு மேலே பூசினால் எத்தனை தடவை பூசினாலும் செத்துப்போன சிவப்பாகத்தான் தெரியும்.

பூசும்போது நல்ல மெதுவான தட்டைப் பிரஷ், ஒரே திசை. இழுத்த இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. கோடு தெரிகிறதே என்று கை பரபரக்கும். விட்டுவிட வேண்டும். எனாமல் மெதுவாகக் காய்வதால் தானாகவே பரவி மட்டமாகிவிடும்.

இனிக் காத்திருப்பு. தண்ணீர் பெயின்டில் தண்ணீர் ஆவியானால் பெரும்பாலும் வேலை முடிந்தது. எனாமலில் டர்பன்டைன் ஆவியானது முதல் கட்டம் மட்டும்தான். தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இறுக நாட்கணக்கில் ஆகும். அதனால் தூசு விழாமல் பெட்டியால் மூடும்போது, கீழே காற்றுப் போக இடுக்கு விட வேண்டும். பாதி காய்ந்ததன் மேல் அடுத்த கோட் போனால் அடிப்படை சுருங்கித் தோல் மாதிரி மடிந்துவிடும். பழகியவர்கள் மூக்கை நம்புவார்கள்: பெயின்ட் வாசம் போயிருந்தால் காய்ந்துவிட்டது. மார்ச் வெயிலில் கண்டியில் ஒரு வாரத்தில் போகிற வாசம், மழைக் காலத்தில் தெல்தோட்டைக் குளிரில் போகவே போகாது. மூன்று கோட்டுக்கு எனக்கு ஒரு மாதம் போனது.

நிறத்திலும் ஒரு கணக்கு உண்டு. 1:50 மாதிரியை 30 சென்ரிமீட்டரில் வைத்துப் பார்ப்பது, நிஜ பஸ்ஸை 15 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் நிறமும் மினுக்கமும் கொஞ்சம் மங்கும். அதனால் மாதிரிக்கு நிஜத்தைவிட ஒரு சொட்டு வெளுத்த நிறம்தான் பொருந்தும். வெள்ளை அதிகமானால் ரோஸ் ஆகிவிடும் என்பதால் கொஞ்சம் ஒரேஞ்ச் கலந்தேன்.

மூன்றாவது கோட் காய்ந்ததும் பஸ் கண்ணாடி மாதிரி மின்னியது. ரூம்மேட் பார்த்துவிட்டு, “மச்சான், இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. கொஞ்சம் துரு அடி, சேறு அடி. அப்பதான் ரியலா இருக்கும்” என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. மாதிரி செய்வோர் உலகத்தில் அதுவே ஒரு பெரிய கலை. மண்ணிறத்தை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து இடுக்குகளில் ஓட விடுவார்கள், உலர்ந்த பிரஷால் விளிம்பில் துரு தடவுவார்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளே கலஹா வீதியில் தினமும் போகிற பஸ்ஸைப் பார்த்தால் எந்த இடத்தில் எவ்வளவு துரு என்று எனக்கும் தெரியும்.

வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மாயியிடம் இந்தத் துருக் கதையைச் சொன்னேன். பஸ்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்மளப் படம் புடிக்க வர்றவனெல்லாம் ஒழுகுற லயத்தத்தான் புடிக்கிறான். நீயும் ஏன்டா துருவ அடிக்கிற? இதுலயாவது புதுசா இருக்கட்டும்.”

ரூம்மேட்டுக்கு உண்மை வேண்டும், அம்மாயிக்கு மரியாதை வேண்டும். துருவும் உண்மைதான். ஆனால் இந்த பஸ் எங்களுக்கு அது மட்டும் இல்லை. லாபமில்லாத ரோட்டு என்று வேறு பஸ் வராத நேரத்திலும் இதுதான் வந்தது. சீசன் டிக்கெட்டோடு என்னைப் பள்ளிக்கூடத்துக்கும், அம்மாயியைக் கிளினிக்குக்கும் கொண்டுபோனது இதுதான். 2022இல் டீசல் இல்லாமல் அது வராத நாட்களில்தான் டவுன் எவ்வளவு தூரம் என்று கால்களுக்குத் தெரிந்தது.

அதனால் துரு அடிக்கவில்லை. கண்ணாடி மினுக்கத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. 2000 நம்பர் சேண்ட் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் இழுத்தேன். மினுக்கம் அடங்கி ஒரு மென்மையான பளபளப்பு வந்தது. டிப்போவில் விடியற்காலை கழுவி, முதல் ட்ரிப்புக்கு வெளியே எடுக்கிற பஸ்ஸின் நிறம் அது. டயர்களில் மட்டும் கொஞ்சம் செம்மண் தடவினேன். அம்மாயிக்கு அது பரவாயில்லையாம், “ரோட்டுல போனா மண்ணு ஒட்டத்தானே செய்யும்.”

இனி முன்பக்கப் பெயர்ப் பலகை பாக்கி. மூன்று மொழியிலும் கையால் எழுத வேண்டும். தமிழில் ‘தெல்தோட்டை’ எழுத்துப் பிழை இல்லாமல் வர வேண்டும், அதற்காகவே சின்னப் பிரஷ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.