முக்திநாத யாத்திரையும் விமானத் தாமதமும்

இமயத்தில் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் எழுந்தருளியிருக்கிறார் முக்திநாதர். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத் திவ்யதேசமாக இத்தலம் போற்றப்படுகிறது. திருக்கோயிலைச் சூழ்ந்து விழும் 108 தாரைகளில் நீராடிப் பெருமாளைச் சேவிக்க வேண்டுமென்பது நம் பெரியோர் பலரின் நெடுநாள் ஆவல்.

சென்னையிலிருந்து செல்வோர் பெரும்பாலும் தில்லி, காத்மண்டு, பொக்காரா வழியாக ஜோம்சோம் சென்று, அங்கிருந்து ஜீப்பில் மலையேறுகின்றனர். இவ்வழியில் ஒரு விமானம் தாமதித்தால் அடுத்தடுத்தவை யாவும் கைநழுவக்கூடும். மார்கழி, தை மாதங்களில் தில்லியைப் பனிமூட்டம் மூடிவிடும். காத்மண்டு விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே உள்ளது; நெரிசல் மிகுந்தால் விமானங்கள் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும். ஜோம்சோமிலோ, காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே பெருங்காற்று எழுவதால், சிறு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. மழைக்காலத்தில் அவையும் அடிக்கடி நின்றுவிடும்.

ஆகவே பயணிக்குரிய உரிமைகளை அறிந்து புறப்படுதல் நலம். குறித்த நேரத்தில் பதிவு செய்துகொண்ட பயணிக்கு, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் புறப்பாடு 2 மணி நேரமும், அதற்கு மேல் 5 மணி நேரம் வரையிலான பயணத்தில் 3 மணி நேரமும் தாமதமானால், இந்திய விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் அளிக்க வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. தில்லி–காத்மண்டு பயணம் முதல் வகை. சென்னை–தில்லி இரண்டாம் வகை. தாமதம் 24 மணி நேரத்தைக் கடந்தால் தங்குமிடமும் தர வேண்டும். ஆயினும், பனிமூட்டம் போன்று நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணமானால் இக்கடமைகளிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. விமானம் ரத்தானால் மாற்று விமானமோ கட்டணமோ கேட்டுப் பெறலாம்.

பெட்டி வந்து சேராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே எழுத்தில் முறையிட்டுச் சான்று பெறுக. இந்தியாவும் நேபாளமும் ஏற்றுள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமுற்றிருந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் அது கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட வேண்டும்.

முதியோர் கருத்தில் கொள்ள வேண்டியவை இன்னும் சில. சென்னை முதல் காத்மண்டு வரை ஒரே பயணச்சீட்டாக எடுப்பது நலம். தனித்தனியே எடுத்தால், முதல் விமானத் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிடும் நட்டம் நம்மையே சாரும். அன்றாட மருந்துகளையும், மருத்துவர் எழுதிய சீட்டையும், ஒருவேளைக்கான உணவையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொக்காராவில் ஒரு நாளும், திரும்பும்போது காத்மண்டுவில் ஒரு நாளும் கூடுதலாக ஒதுக்குங்கள். விமானம் பறக்காவிட்டால் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சாலை வழியும் உண்டு. கரடுமுரடான அவ்வழியில் செல்ல ஒரு பகல் முழுதும் ஆகும்.

அவ்வாறு ஒதுக்கிய நாள் வீணாவதில்லை. காற்று தணியக் காத்திருக்கையில் பொக்காராவில் விந்தியவாசினி அம்மனைத் தரிசிக்கலாம். காத்மண்டுவில் பாக்மதிக் கரையில் பசுபதிநாதர் அருள்பாலிக்கிறார். நாள் நெருக்கடியின்றிச் செல்பவருக்கே பதற்றமின்றித் திருவடி தொழும் பேறு வாய்க்கும்.