இன்ஜின் வேலை பார்த்த வண்டி

விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு எட்டரை, கோப்பு பக்கமிருந்து பூமூட்டைகள் வந்து இறங்கிவிடும். அதே நேரத்தில் முத்தரசநல்லூர், ஜீயபுரம் தோட்டங்களில் அறுத்த வாழை இலைக் கட்டுகள் திருச்சி காந்தி மார்க்கெட்டை நோக்கிப் புறப்படும். இரண்டுமே காத்திருக்காத சரக்கு. முகூர்த்த நாளில் வண்டி வழியில் நின்றால் இலை வாடும், வாடிக்கையும் போகும். 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, கொஞ்சம் பெரிய சுமைக்குப் பொலேரோ பிக்கப், 2011-இல் வந்த தோஸ்த் ஆகியவைதான் இந்த வியாபாரத்தைத் தாங்குகின்றன. புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாதவர்கள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். பழைய டீசல் வண்டிகளில் பலவும் "இன்ஜின் வேலை பார்த்தது"தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் பின்வாங்குவார்கள், சிலர் அப்படியே நம்பிவிடுவார்கள். இரண்டுமே தேவையில்லை என்பதை ஒரு லேத் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் இலை வியாபாரம் செய்யும் அண்ணன் ஒரு பொலேரோ பிக்கப் பார்த்திருந்தார். டிஎன் 48, ஸ்ரீரங்கம் பதிவு. "ஃபுல் இன்ஜின் வேலை முடிஞ்சிருக்குண்ணே, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார் தரகர். அண்ணன் விலையைப் பேசவில்லை. "போர் எந்தப் பட்டறையில போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையைச் சொன்னார்கள். மறுநாள் இருவரும் அங்கே போனோம்.

திருச்சிக்கு இந்த வேலை புதிதல்ல. 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனையில் டீசல் ரயில் இன்ஜின்களை அக்கக்காகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோத்து அனுப்புகிறார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்த இடம் அது. அங்கே முறையாக நடப்பதைத்தான் அரியமங்கலத்திலும் பாலக்கரையிலும் சின்னப் பட்டறைக்காரர்கள் தங்கள் அளவில் செய்கிறார்கள்.

நாங்கள் போன பட்டறையில் போரிங் மெஷின் ஒன்று, ஹோனிங் மெஷின் ஒன்று, கிராங்க் கடையும் மெஷின் ஒன்று. பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். ஒரு பிளாக்கைக் கொண்டுவந்த டிரைவரிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிஸ்டன் எங்க தம்பி? பிஸ்டன் வராம நான் போர் போட மாட்டேன்."

காரணத்தை எங்களுக்கு விளக்கினார். டீசல் இன்ஜினில் தீப்பொறிக்குப் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறது. 1890-களில் ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த வழி அது. காற்று ரிங் ஓரமாக ஒழுகினால் சூடும் இல்லை, இழுவையும் இல்லை. பொலேரோ பிக்கப்பின் 2,523 சிசி இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் மூன்றரை இஞ்ச் அகலம். அதற்குள் பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஒரே பெட்டியில் வந்த நான்கு பிஸ்டன்களிலும் மிக நுண்ணிய வித்தியாசம் இருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, மேலே எண் எழுதி, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டர் என்று குடைகிறார்.

குடைந்தபின் ஹோனிங். கல் பொருத்திய தண்டு சிலிண்டருக்குள் சுற்றியபடியே மேலும் கீழும் போய்வர, டீசல் கலந்த கருஞ்சேறு வழிந்தது. பாய் அதைத் துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துக் காட்டினார். சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சன்னமான கோடுகள். "கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா நல்ல வேலைன்னு நினைக்கிறாங்க. கண்ணாடியில ஆயில் நிக்குமா? இந்தக் கோட்டுலதான் நிக்கும்" என்றார்.

அண்ணன் வண்டி எண்ணைச் சொன்னதும் பாய் ஒரு நோட்டை எடுத்தார். வண்டி எண், நான்கு சிலிண்டர் அளவு, ஹெட் பேசிங், தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. போர் போட்டது உண்மை. "ஆனா கிராங்க் எங்கிட்ட வரலை" என்றார். தேய்ந்த கிராங்கை 10, 20, 30 என்று, அதாவது இஞ்சில் ஆயிரத்தில் அத்தனை பங்கு, கடைந்து அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். வேலை பார்த்த மெக்கானிக்கிடம் விசாரித்தோம். கிராங்கை அளந்ததாகவும், தேய்மானம் இல்லாததால் கடையாமல் அதே அளவில் புதுப் பேரிங் போட்டதாகவும் சொல்லி, பேரிங் வாங்கிய பில்லை எடுத்துக் காட்டினார். தரகர் சொன்ன "ஃபுல்" சரியில்லை, செய்த வேலை சரி. அந்த நோட்டும் பில்லும் இருந்ததால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

பிறகு வண்டியைப் பார்த்தோம். விடியற்காலையில், இன்ஜின் தொட்டால் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்தோம். முன்கூட்டியே சூடாக்கி வைத்த இன்ஜின் குறையை மறைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்று கவனித்தோம். சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் இறங்குகிறதா, டீசல் சரியாக எரியவில்லையா என்று பார்க்க வேண்டும். ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரோ காற்று வரத்தோ சரியில்லை. வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது போதாது. சுமையேற்றி, கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் 1 டோல்கேட் வரை போய்வந்தோம்.

அடுத்து காகிதங்கள். பிளாக்கில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாக் மாற்றியிருந்தால் புது எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். கடன் முடிந்து, ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

அண்ணன் கிராங்க் வேலைக்கான தொகையைக் கழித்துப் பேசி வண்டியை எடுத்தார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை அரைச் சுமை, பிறகு ஆயில் மாற்றம் என்று பாய் சொன்னதை அப்படியே செய்தார்.

பாயிடம் வேலை கற்கும் பையன் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு மெக்கானிக் டீசல் படித்தவன். மைக்ரோமீட்டரைப் பிடிக்க அங்கே கற்றான், எந்த அளவில் கையை நிறுத்த வேண்டும் என்பதை இங்கே கற்கிறான். காது அடைக்கும் சத்தத்தில், டீசல் ஊறிய கையோடு நாள் முழுக்க நின்று செய்யும் வேலை இது. இந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கும் கூலி இன்னும் போதாது.

பழைய பிக்கப் வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை பார்த்த இன்ஜின் என்பதற்காக வண்டியை ஒதுக்காதீர்கள். போர் எத்தனை, கிராங்க் எத்தனை, எந்தப் பட்டறை என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரும் பட்டறைக்கு நூறு ரூபாய் கூடுதலானாலும் கொடுங்கள். அளவு சொல்ல முடியாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.