கடைசியாக வந்தவர்களின் கணக்கு



கடந்த டிசம்பரில் மெரினாவில் நடந்த ஒரு 10 கிலோமீட்டர் நன்கொடை ஓட்டத்தில் நாங்கள் ஐந்து பேர் ஓடினோம். இரண்டு நாள் கழித்து வெளியான முடிவுப் பட்டியலில் எங்கள் ஐந்து பெயர்களுக்கு நேரேயும் 'முடிக்கவில்லை' என்று போட்டிருந்தார்கள். நாங்கள் முடித்தோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்களைப் பற்றி. எங்கள் பகுதியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் குழு நாங்கள். ஒருவர் சட்டக் கல்லூரி மாணவி, ஒருவர் செவிலியர், ஒருவர் கூரியர் வேலை பார்ப்பவர், மற்ற இருவர் ஆசிரியர்கள். யாரும் விளையாட்டு வீரர் இல்லை. எங்களிடம் படித்த ஒரு சிறுவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, அவன் அம்மா எட்டு மாதம் மருத்துவமனை வராண்டாவில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தோம். அவன் பிழைத்துவிட்டான், இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஓட்டம் நடக்கிறது என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தோம்.

பதிவுக் கட்டணம் ஆளுக்கு 700 ரூபாய். அதோடு நிற்காமல் தெருவில் ஒரு நோட்டைச் சுற்றவிட்டோம். நாங்கள் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டோம். டீக்கடை அண்ணன் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் எழுதினார். இட்லி விற்கும் ஆயா 5 ரூபாய் எழுதச் சொன்னார். மொத்தம் 62 பேர் எழுதியிருந்தார்கள். கிலோமீட்டருக்கு 1,240 ரூபாய் வந்தது. பத்துக் கிலோமீட்டரையும் முடித்தால் 12,400 ரூபாய். வேலைக்குப் போனால்தான் அன்றைய சோறு என்றிருப்பவர்கள் எழுதிய கணக்கு அது. எட்டுக் கிலோமீட்டரில் நின்றுவிட்டால் அவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்ற பயம்தான் எங்களை மூன்று மாதம் விடியற்காலையில் எழுப்பியது.

ஓடத் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறோம். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு, பள்ளிக்கூடப் பந்தயம் போல முதல் நிமிடத்திலேயே பாய்ந்தது. ஐந்து நிமிடத்தில் விலா பிடித்துக்கொண்டது. பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றினோம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் வேகம் அதிகம். கடிகாரம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சொட்டுமே தவிரக் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் மற்ற ஊரில் ஓடுகிறவருடைய வேகத்தைப் பார்த்து இங்கே யாரும் மனம் தளர வேண்டாம்.

அந்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு உழைப்பாளர் சிலை அருகே ஓட்டம் தொடங்கியது. காமராஜர் சாலையில் கலங்கரை விளக்கம் வரை போய், சாந்தோம் தாண்டி, பட்டினப்பாக்கத்துக்கு முன்னால் திரும்பி, வந்த வழியே வர வேண்டும். முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் அவகாசம், அதாவது ஏழே கால் வரை. விதிமுறைத் தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போதே வேகமானவர்கள் எதிர்ப்பக்கத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் "சூப்பர், விடாதீங்க" என்று கைதட்டிவிட்டுப் போனார்கள். அது உண்மையாகவே தெம்பு கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பும் இடத்தை 47 நிமிடத்தில் தொட்டோம். செவிலியர் அக்காவுக்கு முழங்கால் வலி. அவர் வேகத்துக்கு எல்லோரும் ஓடுவது என்று முன்பே பேசியிருந்தோம், அதை மாற்றவில்லை.

ஆறாவது கிலோமீட்டருக்குப் பிறகு எங்களுக்குப் பின்னால் ஓடுகிறவர் யாரும் இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். பச்சை மேல்சட்டை போட்ட தூய்மைப் பணியாளர்கள் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் பெண்கள், விளக்குமாறும் தள்ளுவண்டியுமாக வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலைச் சுற்றிச் சாலை முழுக்கக் காகிதக் கோப்பைகள், வாழைப்பழத் தோல், பாதி குடித்த பாட்டில்கள். முன்னால் ஓடியவர்கள் குடித்த வேகத்தில் வீசிவிட்டுப் போனவை. ஓர் அம்மா எங்களை நிறுத்திக் கேட்டார்:

"ஏம்மா, பின்னாடி இன்னும் யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லக்கா, நாங்கதான் கடைசி."

"அப்ப பெருக்கிடலாம். நீங்க போங்க, அவசரமில்ல. இன்னிக்கு எங்களுக்கு டபுள் வேலை, நாங்களும் மெதுவாத்தான் வருவோம்."

எங்களில் கூரியர் வேலை பார்க்கும் தம்பியின் அம்மாவும் வேறொரு மண்டலத்தில் ஒப்பந்தத்தில் அதே வேலைதான் செய்கிறார். அவன் ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த கோப்பைகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். "விடுப்பா, ஓடு, உனக்கு நேரமாகுது" என்று அந்த அம்மாதான் விரட்டினார். இந்த நாட்டில் இந்த வேலை எந்தச் சாதிக்காரர்களின் கையில் இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர்ப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேன்கள் வண்டியில் ஏறிவிட்டன. காவலர் ஒருவர் எங்களை நடைபாதைக்கு ஏறச் சொன்னார், சாலையில் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. நடைபாதையில் உடற்பயிற்சிக்கு வந்தவர்கள், நாய்கள், சுண்டல் வண்டிகள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினோம்.

உழைப்பாளர் சிலையருகே நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி ஏழு எட்டு. ஒரு மணி 38 நிமிடம். அவகாசம் முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அங்கே வளைவு இல்லை, காற்று இறங்கிய துணியாகத் தரையில் கிடந்தது. நெஞ்சில் குத்தும் எண் அட்டைக்குப் பின்னால் ஒரு சில்லு ஒட்டியிருப்பார்கள். கோட்டில் விரித்திருக்கும் பாய் அதைப் படித்துத்தான் நேரத்தைப் பதியும். அந்தப் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பாய் இல்லையென்றால் நாம் வந்து சேரவில்லை என்றுதான் கணக்கு. மேடையில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. பாய் கிடந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, ஐந்து பேரும் கைகோத்துத் தாண்டினோம். பின்னால் வந்துகொண்டிருந்த அந்த அம்மாக்கள்தான் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெட் கார்பிட், அமெரிக்கக் கறுப்பர், அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். கறுப்பரோடு ஓட மாட்டோம் என்று வெள்ளையர்கள் மறுத்ததால் இளமையில் சில போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மாரத்தான் ஓடினார். 1958இல் நியூயார்க் சாலை ஓட்டக்காரர்கள் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அவருடைய பெரிய வேலை வேறு. அன்று பந்தயத் தூரங்கள் குத்துமதிப்பாக இருந்தன. கார் மீட்டரைப் பார்த்துச் சொல்வார்கள், கூடும், குறையும். சைக்கிள் சக்கரத்தின் சுழற்சியை எண்ணிச் சாலையைத் துல்லியமாக அளக்கும் முறையை அமெரிக்காவில் நிலைநாட்டப் பாடுபட்டு, 1964இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இன்றும் முறையாக அளக்கிறவர்கள் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டித்தான் அளக்கிறார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. வரிசையில் நிறுத்த மறுக்கப்பட்ட ஒருவர், ஓடுகிற எல்லோருக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சாலையை அளந்திருக்கிறார். முதலில் வந்தவருக்கும் எங்களுக்கும் அன்று தூரம் ஒன்றுதான். முடிவுக் கோடு மட்டும் எங்களுக்கு இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் பணம் வாங்கப் போனோம். ஒரு மாமா பட்டியலைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "என்னப்பா, முடிக்கலன்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, காசு கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். கைப்பேசியில் பதிவான எங்கள் பாதையைக் காட்டினோம். பார்த்தார், கொடுத்தார். இட்லி ஆயா பட்டியலைக் கேட்கவில்லை. "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு 50 ரூபாயை எடுத்து நீட்டினார். 12,400 ரூபாயும் வந்தது, முழுவதையும் கட்டினோம்.

ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். திட்டி எழுதவில்லை. நல்ல காரியத்துக்காகச் சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள் அங்கே நிறையப் பேர், அதை நாங்கள் பார்த்தோம். நான்கு விஷயங்கள் கேட்டோம். அறிவித்த நேரம் முடியும்வரை பாயைச் சுருட்டக் கூடாது. கடைசி ஆள் கடந்த பிறகே தண்ணீர்ப் பந்தலைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பந்தலிலும் குப்பைத் தொட்டி வைத்து, கோப்பையைச் சாலையில் வீசக் கூடாது என்று விதிமுறையிலேயே எழுத வேண்டும். அன்று கூடுதலாக வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கூடுதல் கூலியும், ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் அதே காலைச் சாப்பாடும் கொடுக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பாய்க்கும் தண்ணீருக்கும் வருத்தம் தெரிவித்து, அடுத்த ஆண்டு சரிசெய்வதாக எழுதியிருந்தார்கள். ஐந்து பதக்கங்கள் கூரியரில் வந்தன, நம் தம்பியே கொண்டுவந்து கொடுத்தான். தொட்டியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் இன்னும் 'முடிக்கவில்லை' என்றுதான் இருக்கிறது.

அந்த இரண்டு கோரிக்கைகளுக்காக மறுபடி எழுதியிருக்கிறோம். இந்த டிசம்பரிலும் ஓடுவோம், ஆளுக்கொரு பாட்டில் கையோடு எடுத்துக்கொண்டு. ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்கு உழைப்பாளர் சிலையருகே பயிற்சி. வேகம் முக்கியமில்லை, நம்மில் மெதுவானவர் வேகத்துக்குத்தான் எல்லோரும் ஓடுவோம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள்.