அதியர் என்னும் பெயர்

ஆங்கில நாட்டு அரண்டேல் பிரபுப் பட்டம், டி ஆபினி குடியினின்று பிட்ஸாலன் குடிக்கும், அதனின்று 1580-இல் ஹவார்டு குடிக்கும் பெண்வழியே சென்றது. குடி மாறினும் பட்டம் மாறிற்றில்லை. தாய் இன்னார், மகன் இன்னார் என்று ஏடு சான்று பகரும்.

நம் கொங்குநாட்டிலும் நெடுவழி நடந்த பெயரொன்று உண்டு. அது தகடூர் அதியருடைய பெயர். அசோகன் கல்வெட்டிற் காணும் 'சதியபுத்திரர்' யாவர் என்ற ஐயம், 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிற் கண்ட கல்வெட்டால் நீங்கிற்று. துறவியர்க்குக் கற்படுக்கை ஈந்த அதியன் நெடுமான் அஞ்சியை அஃது அப்பெயராற் குறிக்கின்றது. பின்னர் எட்டாம் நூற்றாண்டில், அதியர் குலத்துக் குணசீலன் நாமக்கல் மலையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதற்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் எனப் பெயரிட்டான். 1200-ஐ ஒட்டித் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூர்த் திருமலையில் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்தான்.

இம்மூவர்க்கும் இடையே தந்தை மகன் எனத் தொடுக்கும் வமிசாவளி இல்லை. ஆயின், எதனால் இவர்களை ஒரு குடியினர் என்கின்றோம்?

இவ்வினா எனக்கு வெறும் பாட வினா அன்று. என் பாட்டனாரின் தந்தையார் ஞானஸ்நானம் பெற்று, பழம்பெயர் விடுத்துப் புதுப்பெயர் பூண்டவர். அவர்க்கு முற்பட்டோர் பெயர் எம் இல்லத்தில் எவர்க்கும் தெரியாது. "வேரற்ற மரம்" என்று நண்பர் ஒருவர் நகைத்தபோது விடை கூற அறியாது நின்றேன்.

நாமக்கற் குடைவரையுள் நின்று எண்ணியபோது ஒன்று விளங்கிற்று. ஒருவன் துறவியர்க்கு ஈந்தான். ஒருவன் திருமாலுக்கு எடுத்தான். ஒருவன் சமண உருவங்களைப் புதுக்கினான். வழிபாடு வேறுபட்டும் பெயர் அறவில்லை. முன்னோன் கல்லிற் செய்ததைப் பின்னோன் கல்லிலே தொடர்ந்தான். அத்தொடர்ச்சியே அவர்தம் வமிசாவளி.

என் முன்னவர் எம் சிற்றூரில் வெட்டுவித்த கிணறொன்று உளது. ஊரார் இன்றும் அதனை அவருடைய பழம்பெயராலேயே வழங்குகின்றனர். நீர் குன்றிச் சேறு மண்டிக் கிடக்கும் அதனை, வருங்கோடையில் ஊர் இளைஞருடன் கூடித் தூர்வார எண்ணியுள்ளேன். நண்பர்க்கு என் விடை அதுவே.