யன்னலில் எழுதிய பெயர்கள்

புளோரிடா மாநிலத்திலே, ஒர்லாண்டோ நகருக்கு அண்மையிலுள்ள டிஸ்னி உலகத்துக்கு என் பழைய மாணவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். கோட்டையை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், மேல்மாடி யன்னலொன்றிலே சில கம்பனிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ரீடி கிறீக் பண்ணை, டோமஹோக், ஐஃபோர் என்பன அவற்றுட் சில. யாவும் காணி வாங்குவதற்கென்றே புனைந்த முகமூடிகள். ‘ஐஃபோர்’ என்பது அவ்வழியே செல்லும் ஐ-4 நெடுஞ்சாலையின் பெயரைத் திரித்த குறும்பு!

1955 இல் கலிபோர்ணியாவில் முதற் பூங்காவை அமைத்த வால்ட் டிஸ்னி, அதனைச் சுற்றிப் பிறருடைய விடுதிகள் நெருங்கியமை கண்டு மனம் நொந்தார். ஆதலின், இம்முறை பெயரை மறைத்து ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்கினார். சராசரி விலை ஏக்கருக்கு 200 டொலரளவே.

மறைவை உடைத்தவர் எமிலி பவார் என்னும் பத்திரிகையாளர். கலிபோர்ணியா சென்று டிஸ்னியிடமே வினவினார். அவர் மறுத்தார், ஆனால், மறுத்தவர் புளோரிடாவைப் பற்றி அளவுக்கு மிஞ்சி அறிந்திருந்தார். 1965 ஒக்டோபர் 24 இல் ‘ஒர்லாண்டோ சென்டினல்’ அதனைத் தலைப்புச் செய்தியாக்கிற்று. அயற்காணிகளின் விலை வானளாவியது. சிலவிடங்களில் ஏக்கர் 80,000 டொலர் வரை ஏறிற்று என்பர். செய்தி ஓராண்டு முந்தியிருப்பின், அந்த ஆதாயம் சதுப்பு நிலத்தை மலிவாக விற்ற உழவர்களுக்கும் கிடைத்திருக்கும். பூங்கா எழும்பியிருக்குமோ என்பது ஐயமே.

“சேர், விற்றவர்களின் பெயர்கள் எந்த யன்னலில்?” என்றார் மாணவர்.

அண்ணாந்து தேடினேன். வெயில் கண்ணைக் கூசச் செய்தது.